அமெரிக்க நீதிபதி நியமனம்: எங்கே தப்புக்கணக்குப் போடுகிறோம்?

“தீர்ப்பைச் சொல்வது சட்டம்தானே, நாற்காலியில் யார் உட்கார்ந்தால் என்ன?” ரொம்ப நாள் நானும் இப்படித்தான் நினைத்திருந்தேன். வட கரோலினாவில் நடந்ததைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

2022 பிப்ரவரியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், ஒரு கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை வளைத்து வரைவது மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 4-3 கணக்கில் சொன்னது. நவம்பரில் நீதிபதிகளுக்கான தேர்தல் வந்தது. ஆமாம், அங்கே அவர்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு இடங்கள் குடியரசுக் கட்சிக்குக் கை மாறின. புதிய அமர்வு அதே வழக்கை மறுபடி எடுத்து, ‘இது நீதிமன்றம் தலையிடும் விஷயமில்லை’ என்று 2023 ஏப்ரலில் 5-2 கணக்கில் தீர்ப்பையே மாற்றிவிட்டது. அரசியல் சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 2022 தேர்தலில் 7-7 என்று சரிபாதியாக இருந்த நாட்டின் பிரதிநிதிகள் சபையில் அந்த மாநிலத்துக்கு உள்ள இடங்கள், புது வரைபடத்தோடு நடந்த 2024 தேர்தலில் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக 10-4 ஆகின.

அடுத்த தப்பு, வாஷிங்டனில் இருக்கும் ஒன்பது பேரை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது. நாட்டின் உச்ச நீதிமன்றம் வருடத்துக்கு 60, 70 வழக்குகளைத்தான் முழுதாக விசாரிக்கிறது. மற்றபடி கீழே இருக்கும் 13 கூட்டாட்சி (அதாவது, மத்திய அரசின்) மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்வதே பெரும்பாலும் கடைசி வார்த்தை. தூய காற்றுச் சட்டத்தின் கீழ் நாடு முழுமைக்கும் ஒரு விதி வந்தால், அதை எதிர்ப்பவர்கள் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே இருப்பது 11 இருக்கைகள். மின் நிலையப் புகைக்கு எவ்வளவு வரம்பு என்பதெல்லாம் அங்கேதான் அலசப்படுகிறது. அந்த 11 பேரில் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்ததே கொஞ்ச காலமாகத்தான்.

ஆட்சி மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று கணக்குப் போடுவதும் பலிக்காது. கூட்டாட்சி நீதிபதி பதவி ஆயுளுக்கும். ஜெரால்ட் ஃபோர்டு இரண்டரை வருடம்கூட ஜனாதிபதியாக இருக்கவில்லை. ஆனால் 1975இல் அவர் நியமித்த ஜான் பால் ஸ்டீவன்ஸ் 2010 வரை உச்ச நீதிமன்றத்தில் இருந்தார். பசுமைக்குடில் வாயுக்களும் காற்று மாசுதான், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு அவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உண்டு என்ற 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதியவர் அவர்தான். 5-4 கணக்கில் தப்பிப் பிழைத்த தீர்ப்பு அது. அது வெளியானபோது, நியமித்த ஃபோர்டு இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஃபோர்டு குடியரசுக் கட்சிக்காரர் என்பதையும் கவனியுங்கள். நியமித்த கட்சியை வைத்துத் தீர்ப்புக்கு ஜோசியம் சொல்வது பலமுறை பொய்த்திருக்கிறது. அலபாமாவின் தொகுதி வரைபடம் கறுப்பின வாக்காளர்களின் பலத்தைக் குறைக்கிறது என்று 2023இல் வந்த 5-4 தீர்ப்பிலும் குடியரசுக் கட்சி நியமித்த இருவர் சேர்ந்திருந்தார்கள். ஆனால் இதையே பிடித்துக்கொண்டு, கட்சி முக்கியமே இல்லை என்று மறுபக்கம் சாய்ந்தாலும் ஏமாந்துபோவோம். 2013இல் வாக்குரிமைச் சட்டத்தின் முக்கிய ஏற்பாடு ஒன்று விழுந்தது அச்சு அசலாகக் கட்சி வாரியான 5-4இல்தான். இனப் பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது அதுவரை இருந்த ஏற்பாடு. தீர்ப்பு வந்த அன்றைக்கே டெக்சாஸ், அதுவரை தடுத்து நிறுத்தப்பட்டிருந்த தன் வாக்காளர் அடையாள அட்டைச் சட்டம் அமலுக்கு வருகிறது என்று அறிவித்துவிட்டது.

வழக்கில் யார் ஜெயித்தார்கள் என்று பார்த்துவிட்டு, என்ன விதி உருவானது என்று பார்க்காமல் விடுவதும் ஒரு தப்புதான். 1984இல் செவ்ரான் என்ற எண்ணெய் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் தோற்றது ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு. ஆனால் அதில் பிறந்த விதி, சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் அரசு முகமை சொல்லும் நியாயமான விளக்கத்தை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்றது. பிற்காலத்தில் எத்தனையோ சுற்றுச்சூழல் விதிகளுக்கு அதுதான் முட்டுக்கொடுத்தது. 2024இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. அப்படிச் செய்த ஆறு நீதிபதிகளில் ஒருவர் நீல் கோர்சச். செவ்ரான் வழக்குக்குக் காரணமான விதியைக் கொண்டுவந்தபோது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவராக இருந்தவர் அவருடைய அம்மா ஆன் கோர்சச். கதையில் எழுதினால்கூட நம்ப மாட்டோம்.

செனட்டையும் மறக்கக் கூடாது. ஜனாதிபதி பரிந்துரைக்கும் நீதிபதிக்கு ஒப்புதல் தருவது அந்தச் சபைதான். 2016 மார்ச்சில் ஒபாமா உச்ச நீதிமன்றத்துக்கு மெரிக் கார்லண்டைப் பரிந்துரைத்தார். குடியரசுக் கட்சியின் கையில் இருந்த செனட் விசாரணையே வைக்காமல் வருடக் கடைசிவரை அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருந்தது. அதே கட்சியின் டிரம்ப் பரிந்துரைத்த ஏமி கோனி பாரெட்டுக்கோ பரிந்துரையிலிருந்து ஒப்புதல்வரை ஒரே மாதம்தான் ஆனது. அதுவும் 2020 தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது.

அப்புறம், ஓட்டுச்சீட்டில் கீழே வரும் நீதிபதி பெயர்களைக் குறிக்காமல் விடுவது. வட கரோலினாவுக்கே திரும்பப் போவோம். 2024இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் ஓர் இடத்துக்கு 55 லட்சத்துக்கும் மேல் ஓட்டுகள் விழுந்தன. முன்பு வாக்குரிமை வழக்குகள் நடத்திய வழக்கறிஞரான அலிசன் ரிக்ஸ் 734 ஓட்டில் ஜெயித்தார். எதிர்த்து நின்றவர் 60,000க்கும் மேற்பட்ட ஓட்டுகளைத் தள்ளுபடி செய்யக் கேட்டு வழக்குப் போட்டார். அவர் தோல்வியை ஒப்புக்கொள்ள 2025 மே மாதம் ஆகிவிட்டது.