லூயிஸ் ஏரிக்கு வீட்டு வண்டியில் போகிறீர்களா?

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் உள்ள லூயிஸ் ஏரிக்கு கேம்பர் வேனில் போகிறவர்கள், முகாம் இடத்தை முன்பதிவு செய்த கையோடு ஏரிக்குப் போய்வரும் ஷட்டில் பஸ்ஸின் டிக்கெட்டையும் பார்த்துவிடுங்கள். ஏரிக்கரை வாகன நிறுத்துமிடம் கோடையில் விடியும் முன்பே நிரம்பிவிடுகிறது. பக்கத்திலுள்ள மொரெய்ன் ஏரிச் சாலையிலோ 2023 முதல் சொந்த வாகனங்களுக்கு அனுமதியே இல்லை. ஆகவே ஏரிக்கு பஸ்ஸில் போவதுதான் நிம்மதி. டிக்கெட் கிடைக்கவில்லையே என்று கவலை வேண்டாம். பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு, உள்ளூர் நேரப்படி காலை 8 மணிக்கு மீதி இருக்கைகளைத் திறக்கிறார்கள், அப்போது முயலுங்கள்.

இது கரடிகள் நடமாடும் காடு. அடுப்பு, ஐஸ் பெட்டி, கழுவாத பாத்திரம், நாய்க்கு வைத்த தண்ணீர்க் கிண்ணம்கூட வெளியே இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் வண்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். மனித உணவின் ருசி கண்ட கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டிவரலாம் என்பதால், தயவுசெய்து இதில் அலட்சியம் வேண்டாம்.

ஜூன் தொடக்கம் வரை ஏரியில் பனிக்கட்டி இருக்கும். ஏரி நீரின் பச்சைநீல நிறத்தைப் பார்க்க ஜூலை, ஆகஸ்ட்தான் சரியான காலம். அப்போதும் இரவில் கம்பளி வேண்டும்.