கண் பரிசோதனை: கருவியை நம்பி நாம் செய்யும் தவறுகள்

முகவாயைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் பலூன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் சில நொடிகளில் சின்னச் சீட்டில் கண் பவர் அச்சாகி வந்துவிடும். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நேரே கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் தொடக்கம்தான். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்ட பிறகே பவர் முடிவாகும். குழந்தைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். கருவிக்குள் பார்க்கும்போது அவர்கள் கண், கிட்டத்துப் பொருளைப் பார்ப்பது போல் தசையை இறுக்கிக்கொள்ளும். இல்லாத மைனஸ் பவர் வந்துவிடும். சொட்டு மருந்து போட்டுத் தசையைத் தளர்த்தி மறுபடி அளப்பது இதற்காகத்தான். ‘எரியும், அழுவான்’ என்று அந்த மருந்தைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

அடுத்தது கண் அழுத்தம். 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை சாதாரணம் என்பதால், 15 என்று வந்ததும், பார்வை நரம்பைக் கெடுக்கும் நோயான க்ளாக்கோமா இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறோம். அழுத்தம் அந்த எல்லைக்குள் இருக்கும்போதே பார்வை நரம்பு கெட்டுப்போகிறவர்களும் உண்டு. கருவிழியின் (கண்ணின் முன்பக்கம் மூடியிருக்கும் தெளிவான படலம், கார்னியா) தடிமனும் கணக்கில் வரும்: மெல்லிய கருவிழியில் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கண்ணாடி இல்லாமல் பார்க்கச் செய்துகொள்ளும் லேசிக் என்ற லேசர் சிகிச்சை, கருவிழியை மெலிதாக்கிவிடுகிறது. எனவே கண்ணாடியைக் கழற்றிப் பல வருடங்கள் ஆகியிருந்தாலும், லேசிக் செய்துகொண்டதை டாக்டரிடம் சொல்லாமல் விடுவது பெரிய தவறு. ஸ்டீராய்டு மருந்து எடுப்பதும் அப்படித்தான். அது அழுத்தத்தை ஏற்றக்கூடியது.

இனி ஓசிடி ஸ்கேன். 1991-ல் அறிமுகமான இந்த முறை, ஒளியைச் செலுத்தி, திரும்பி வருவதை அளந்து, விழித்திரையை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தது போல் படமாக்கித் தருகிறது. மைக்ரான் கணக்கில் தடிமன் தெரியும். கண்ணைத் தொடாமல், வலி இல்லாமல் இவ்வளவும் கிடைப்பது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் ரிப்போர்ட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணங்கள் இருக்கின்றனவே, சிக்கல் அங்கேதான். சிவப்பைக் கண்டதும் வீட்டில் யாரும் அன்றிரவு தூங்குவதில்லை! அந்த வண்ணம் நோயின் பெயர் அல்ல. கருவியில் பதிந்துள்ள ஆரோக்கியமான கண்களோடு ஒப்பிட்டால் உங்கள் நரம்பு இழை மெலிந்திருக்கிறது என்று மட்டுமே அதற்குப் பொருள். மைனஸ் பவர் அதிகமுள்ள கண் நீளமானது. அதில் நோய் இல்லாமலே சிவப்பு வரலாம். பச்சையாக இருந்தும் வருடா வருடம் தேய்ந்துகொண்டே வரும் கண்ணும் உண்டு. அதனால் ஓர் ஒற்றை ஸ்கேனைவிட, பழையதும் புதியதும் சேர்ந்த கோப்புதான் அதிகம் பேசும். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முடிந்தால் ஒரே வகைக் கருவியிலேயே எடுங்கள்; வெவ்வேறு நிறுவனக் கருவிகளின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

‘விழித்திரையைப் படம் எடுத்தாச்சே, எதற்குப் பாவையை (கண்ணின் நடுவிலுள்ள கறுப்புத் துளை) விரிக்கும் மருந்து போட்டுப் பார்க்க வேண்டும்?’ என்று கேட்பவர்கள் அதிகம். வழக்கமான விழித்திரை கேமரா 30 முதல் 50 டிகிரி வரைதான் பிடிக்கும். அகலப் பரப்பைப் பிடிக்கும் கருவிகள் 200 டிகிரி வரை போகின்றன, என்றாலும் ஓரத்தில் இருக்கும் சிறு கிழிசல் அதிலும் தப்பிவிடலாம். திடீரென்று மின்னல் போல் வெளிச்சம், புதிதாக மிதக்கும் புள்ளிகள் என்று வந்தால், படத்தோடு நிற்காமல் அன்றே பாவையை விரித்துப் பார்க்க வேண்டும். திரும்பும்போது வண்டியை நீங்கள் ஓட்டக் கூடாது, அவ்வளவுதான்.

செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. டாக்டர் இல்லாமலே சர்க்கரை நோயின் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறியும் மென்பொருளுக்கு அமெரிக்காவில் 2018-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் அது தேடுவது அந்த ஒன்றைத்தான். அதில் ‘இல்லை’ என்று வந்தால் கண்புரையும் க்ளாக்கோமாவும் இல்லை என்று ஆகிவிடாது.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கருவிழியின் வடிவத்தை அளக்கும் வரைபடம் எடுக்கும் முன், டாக்டர் சொன்ன நாட்களுக்கு அதைக் கழற்றி வைக்க வேண்டும். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே கொஞ்சம் மாற்றிவிடும்.

அப்புறம், பக்கவாட்டில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்வைப் பரப்பை அளக்கும் அந்த ஃபீல்டு டெஸ்ட். புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். பரீட்சையில் தோற்றுவிடுவோம் என்ற பயத்தில், தெரியாததற்கும் அழுத்துகிறோம். பல புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலாகத்தான் வரும்; நல்ல கண்ணுக்கும் அவை தெரியாது. ஊகித்து அழுத்தினால் கருவி அதைக் கண்டுபிடித்து, ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடும்.