பழைய டூ சீட்டர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குறவங்க மொதல்ல கூரைய பாருங்க

மக்களே, பழைய பிஎம்டபிள்யூ இசட்4, மெர்சிடஸ் எஸ்எல்கே மாதிரி கூரை மடங்குற வண்டி மொத மொத வாங்க போறீங்கன்னா இஞ்சின் சத்தத்துல மயங்கிராதீங்க, மொதல்ல கூரைய மூணு தடவ தொறந்து மூடி பாருங்க, ஏன்னா அந்த மோட்டரும் ஹைட்ராலிக்கும் போச்சுன்னா செலவு ரொம்ப பெருசு. கூரை ஓரத்துல தண்ணி வடியுற ஓட்டையில சருகு அடைச்சா மழைத்தண்ணி உள்ள எறங்கிரும், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் உண்டுல்லா, அதனால கார்ப்பெட்ட தூக்கி ஈரம் இருக்கான்னு தொட்டு பாருங்க.

கொளச்சல், முட்டம் பக்கம் கடலோரமா நின்ன வண்டின்னா கண்டிப்பா லிஃப்ட்ல ஏத்தி அடியில துரு பாக்கணும், மேல பாலிஷ் மின்னும், அத நம்பாதீங்க.

டயர் பக்கவாட்டுல டாட் (DOT)னு போட்டு கடைசில நாலு நம்பர் இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது. கம்மியா ஓடுன வண்டில டயர் பட்டன் (ரோட்டுல படுற வெட்டு) தேயாமலே வருஷம் ஆகி ரப்பர் கெட்டிருக்கும்.

கேரளா வண்டின்னா அந்த ஆர்டிஓ ஆபீஸ்ல என்ஓசி (வண்டிய வேற மாநிலத்துக்கு மாத்த தடையில்லன்னு குடுக்குற சான்று) வாங்காம முழு பணம் குடுக்காதீங்க, இங்க மாத்தும்போது தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ் தனியா வரும், விலை பேசும்போதே அத சேத்துக்கிடுங்க. வண்டி மேல லோன் இருந்தா, அது முடிஞ்சதுன்னு பேங்க் கையெழுத்து போட்ட ஃபாரம் 35ம் கேளுங்க.