கணினிக்கு 5.1 ஸ்பீக்கர் வாங்குவது எப்படி: முதலில் துளைகளை எண்ணுங்கள்

பெட்டியின் மேல் 5.1 என்று அச்சிட்டிருக்கலாம். உள்ளே ஐந்து சிறிய ஸ்பீக்கர்களும் தாழ்ந்த ஒலிக்கென ஒரு சப்வூஃபரும் இருக்கலாம். ஆனால் அந்த ஆறிலிருந்தும் ஆறு வெவ்வேறு ஒலிகள் வரும் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. கணினியிலிருந்து கிளம்பும் ஆறு சேனல்களும், அதாவது தனித்தனி ஒலித் தடங்களும், ஒன்றோடொன்று கலக்காமல் ஸ்பீக்கர் வரை போய்ச் சேர்ந்தால்தான் அது சரவுண்ட். வழியில் எங்கேனும் அவை இரண்டாகச் சுருங்கிவிட்டால், முன்னும் பின்னும் ஒரே ஸ்டீரியோ ஒலியைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம். என் மேசையில் இந்தச் சிக்கலை அவிழ்த்து முடித்த கையோடு, புதிதாக வாங்குபவர்கள் எந்த வரிசையில் பார்த்துக்கொண்டு போகலாம் என்பதை எழுதி வைக்கிறேன். விண்டோஸ் கணினியை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். டிரைவரை நிறுவுவது போன்ற அடிப்படை வேலைகளுக்குள் போகவில்லை.

படி 1: எதை அதிகம் கேட்பீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

பாட்டுக்கு மட்டும் என்றால் 5.1 தேவையில்லை. நாம் கேட்கும் இசையில் மிகப் பெரும்பகுதி இரண்டு சேனல்களுக்காகவே கலக்கப்பட்டது. ஆறு ஸ்பீக்கர்களுக்குச் செலவிடும் அதே பணத்தை இரண்டு நல்ல ஸ்பீக்கர்களுக்கோ ஒரு தரமான 2.1 செட்டுக்கோ செலவிட்டால், குரலும் வாத்தியங்களும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். விளையாட்டுகளின் கதை வேறு. காலடி ஓசை எந்தத் திசையில் இருந்து வர வேண்டும் என்பதை விளையாட்டே அந்தந்தக் கணத்தில் கணக்கிட்டு ஒவ்வொரு சேனலுக்கும் பிரித்துக் கொடுப்பதால், பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது. திரைப்படங்களில் வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும் என்பதால், ஐந்தில் எது தரம் குறைந்தாலும் அது மட்டும் குறையக் கூடாது.

7.1 செட்டை மேசைக் கணினிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பக்கவாட்டில் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இரண்டும் வைக்கும் அளவுக்கு நாற்காலியைச் சுற்றி இடம் உள்ள அறைகள் குறைவு.

படி 2: சப்வூஃபரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கடையில் வாங்கினால் சப்வூஃபரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்கினால் பின்பக்கப் படம் இல்லாத பொருளை வாங்காதீர்கள். அங்கே சிவப்பும் வெள்ளையுமாக இரண்டே ஆர்சிஏ துளைகளோ, ஒற்றை 3.5 மில்லிமீட்டர் துளையோ மட்டும் இருந்து, அவற்றோடு புளூடூத், பென் டிரைவ், எஃப்எம் என்று வசதிகள் அடுக்கப்பட்டிருந்தால், அந்தச் செட் 5.1 ஒலியை வாங்கிக்கொள்ள வழியே இல்லாதது. வரும் இரண்டு சேனலையே உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபயர் நகலெடுத்து எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்பும். ஒரு குடத்துத் தண்ணீரை ஆறு சொம்பில் ஊற்றி வைப்பதற்கு ஒப்பான வேலை அது. புளூடூத் வழியாக இசை அனுப்பும் வழக்கமான முறையும் ஸ்டீரியோவோடு நின்றுவிடுகிறது.

உண்மையான 5.1 செட்டில் பின்வருவனவற்றில் ஒன்றாவது இருக்கும்: பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிறத்தில் மூன்று 3.5 மில்லிமீட்டர் துளைகள். அல்லது ஆறு ஆர்சிஏ துளைகள். அல்லது டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஆகிய முறைகளில் சுருக்கிய ஒலியைச் சேனல்களாகப் பிரித்தெடுக்கும் டிகோடருடன் கூடிய ஆப்டிகல் (ஒளியிழைக் கேபிளுக்கான) துளை. லாஜிடெக் இசட்906 போன்ற செட்டுகளில் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தே இருக்கின்றன. எச்டிஎம்ஐ மட்டும் இல்லை. டிகோடர் இருக்கிறதா என்பதைத் தனியாக உறுதி செய்துகொள்ளுங்கள். ஆப்டிகல் துளை இருந்தும் ஸ்டீரியோவை மட்டுமே புரிந்துகொள்ளும் செட்டுகளும் விற்பனையில் உண்டு.

படி 3: கணினியின் பின்பக்கத்தையும் பாருங்கள்

ஐந்து அல்லது ஆறு ஒலித் துளைகள் உள்ள மதர்போர்டு என்றால் கவலையில்லை: பச்சை முன்பக்கத்துக்கு, கறுப்பு பின்பக்கத்துக்கு, ஆரஞ்சு சென்டருக்கும் சப்வூஃபருக்கும். மூன்றே துளைகள் இருந்தாலும் பெரும்பாலும் 5.1 கிடைக்கும். சவுண்ட் டிரைவரின் அமைப்பில் 5.1 என்று தேர்ந்தெடுத்தவுடன், நீலத் துளை பின்பக்க ஸ்பீக்கருக்கும், மைக்குக்கான இளஞ்சிவப்புத் துளை சென்டருக்கும் சப்வூஃபருக்கும் மாறிக்கொள்ளும். அப்போது மைக்கைக் கணினியின் முன்பக்கத்தில்தான் செருக வேண்டியிருக்கும். உங்கள் மதர்போர்டின் கையேட்டில் இதற்கென ஓர் அட்டவணை இருக்கும். வாங்குவதற்கு முன்பே அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மடிக்கணினியில் ஒற்றைத் துளைதான் இருக்கும் என்பதால், ஆறு சேனல் வெளியீடு உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று தேவைப்படும். ‘7.1 சேனல்’ என்று எழுதியிருந்தாலும் காதில் மாட்டும் ஹெட்ஃபோனுக்கு ஒரே ஒரு துளை மட்டும் உள்ள சிறிய யுஎஸ்பி குச்சிகளை வாங்கிவிடாதீர்கள். அவை சரவுண்டைப் போலியாக உருவாக்கி இரண்டு சேனலில் தருபவை. இங்கேயும் துளைகளை எண்ணுவதே சரியான சோதனை.

படி 4: ஆப்டிகல் கேபிளின் பொறி

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆப்டிகல் என்றாலே டிஜிட்டல், டிஜிட்டல் என்றாலே சிறந்தது என்று எண்ணி, மூன்று கம்பிகளுக்குப் பதிலாக ஒரே கேபிளில் எல்லாவற்றையும் முடித்துவிடத் தோன்றும். ஆனால் அந்தக் கேபிள் சுருக்கப்படாத ஒலியில் இரண்டு சேனல்களைத்தான் சுமக்கும். ஐந்தும் ஒன்றுமாக ஆறு சேனல்கள் அதில் போக வேண்டுமானால், அவை டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ முன்பே சுருக்கப்பட்டிருக்க வேண்டும்.

இதனால் ஒரு விசித்திரமான நிலை உருவாகும். டிவிடியில் உள்ள படமோ, கோப்பாக வைத்திருக்கும் படமோ பெரும்பாலும் ஏற்கெனவே டால்பி டிஜிட்டலில் சுருக்கப்பட்ட ஒலியோடு வருவதால், பிளேயரில் பாஸ்த்ரூவை (ஒலியைக் கணினியில் பிரிக்காமல் வெளியே அனுப்பும் தேர்வை) இயக்கினால் ஆறு சேனல்களும் அப்படியே ஸ்பீக்கருக்குப் போய் அங்கே பிரிந்துவிடும். டிகோடரின் சிறு விளக்கும் எரியும். அடுத்த நிமிடம் ஒரு விளையாட்டைத் திறந்தால் விளக்கு அணைந்து, பின்பக்கம் மௌனமாகிவிடும். செட்டில் பழுது என்று நினைக்க வேண்டாம். விளையாட்டு தரும் ஒலி எதிலும் சுருக்கப்படாத ஆறு சேனல் ஒலி. அது ஆப்டிகலுக்குள் நுழைய முடியாததால் விண்டோஸ் அதை ஸ்டீரியோவாக மடித்து அனுப்புகிறது. விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் ஆப்டிகல் வெளியீட்டுக்கு 5.1 என்ற தேர்வே காட்டப்படாததன் காரணமும் இதுதான்.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் வசதி உள்ள சவுண்ட் கார்டு இருந்தால், அது விளையாட்டின் ஒலியை உடனுக்குடன் சுருக்கி ஆப்டிகலில் அனுப்பிவிடும். கார்டின் விவரப் பட்டியலில் இந்தப் பெயர்களில் ஒன்று எழுத்தால் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். ‘டால்பி’ என்று மட்டும் இருப்பது போதாது. இரண்டாவது வழி, செலவில்லாதது: ஆப்டிகலைக் கழற்றிவிட்டு, பச்சை, கறுப்பு, ஆரஞ்சுத் துளைகளுக்கான மூன்று அனலாக் கம்பிகளைச் செருகுவது. படம், விளையாட்டு, பாட்டு மூன்றுக்கும் ஒரே அமைப்பு போதும் என்பதாலும், சுருக்கி விரிப்பதில் ஏற்படும் சிறு தாமதமும் இல்லை என்பதாலும், நான் அனலாக் பக்கம்தான்.

ஏவி ரிசீவரும் (ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் தனிப் பெட்டி) தனித்தனி ஸ்பீக்கர்களும் வாங்கும் அளவுக்கு இடமும் பணமும் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கணினியையும் ரிசீவரையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிள் எட்டுச் சேனல்களைச் சுருக்காமலே கொண்டு போகும். பின்னாளில் ஒரு ஸ்பீக்கரை மட்டும் மாற்ற வேண்டுமென்றாலும் ரிசீவர் வழிதான் எளிது.

படி 5: வாட்ஸ் கணக்கில் மயங்காதீர்கள்

பிஎம்பிஓ (கணநேர உச்ச ஆற்றல்) என்று போட்டிருக்கும் எண்ணை முழுவதுமாக மறந்துவிடுங்கள். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல்) எண் ஒன்றுதான் ஒப்பிடத் தக்கது. அதிலும் வாட்ஸ் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் உயரும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும் என்பதால், 40 வாட்ஸுக்கும் 60 வாட்ஸுக்கும் இடையே மனத்தைப் போட்டு உழப்புவதில் பயனில்லை.

அதைவிட, சிறிய ஸ்பீக்கர்கள் எந்த ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்குகின்றன என்று பாருங்கள். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதால் பிரித்தறிவது கடினம் என்பதால்தான் சப்வூஃபரை எங்கும் வைக்கலாம் என்கிறார்கள். ஆனால் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்கள் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் திணறும்; அதற்குக் கீழ் உள்ளதை எல்லாம் சப்வூஃபர் சுமக்கும்போது ஆண் குரலின் அடிப்பகுதியும் அதிலிருந்தே வரத் தொடங்கும். அத்தகைய செட்டில் சப்வூஃபரை அறையின் கோடியில் தள்ளாமல், மேசைக்கு அடியில் நடுவை ஒட்டி வையுங்கள்.

படி 6: வைக்கும் இடம்

முன்பக்க இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். அதாவது நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 30 பாகை. பின்பக்க ஸ்பீக்கர்களை நேராக முதுகுக்குப் பின்னால் வைக்கக் கூடாது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை 100 முதல் 120 பாகை வரை. தோளுக்கு நேர் பக்கத்திலிருந்து சற்றே பின்னால் என்று புரிந்துகொள்ளலாம். சென்டர் ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழே வைத்து, முகத்தை நோக்கி மேலே சாய்த்து விடுங்கள்.

வாங்கும் முன் பின்பக்க ஸ்பீக்கர்களின் கம்பி நீளத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சப்வூஃபர் இருக்கும் இடத்திலிருந்து சுவர் ஓரமாக, கதவைச் சுற்றிக்கொண்டு போகும் தூரத்தை ஒரு நூலால் அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். நேர்க்கோட்டு தூரம் எப்போதும் ஏமாற்றும். கம்பி பிரிக்க முடியாதபடி ஒட்டியே வரும் செட்டுகளை நான் தவிர்ப்பது இதனால்தான்.

படி 7: அமைத்துச் சோதியுங்கள்

சவுண்ட் அமைப்பின் பிளேபேக் பட்டியலில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, கன்ஃபிகர் பொத்தானை அழுத்தி, 5.1 சரவுண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வரும் படத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சொடுக்கினால் அதற்குரிய ஸ்பீக்கர் மட்டும் ஒலிக்க வேண்டும்.

சென்டரைச் சொடுக்கும்போது சப்வூஃபர் மந்தமாக முனகி, சப்வூஃபரைச் சொடுக்கும்போது திரைக்கு அடியிலிருந்து மெல்லிய உறுமல் வந்தால், ஆரஞ்சு கம்பியின் இரண்டு சேனல்களும் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். ஒரே பிளக்கில் சென்டரும் சப்வூஃபரும் போகின்றன. எது பிளக்கின் நுனியில், எது வளையத்தில் என்பதில் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒத்துப்போவதில்லை. பல டிரைவர்களில் ‘ஸ்வாப் சென்டர் சப்வூஃபர்’ என்ற தேர்வு இருக்கிறது. அதைக் குறித்தால் சரியாகிவிடும். செட்டைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை.

பிறகு ஒலி அளவைச் சமப்படுத்துங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாது என்றாலும், மேசையில் உள்ளவை அருகிலும் பின்னால் உள்ளவை தொலைவிலும் இருந்தால் வேறுபாடு நன்றாகவே தெரியும். கைப்பேசியில் ஓர் ஒலி அளவிச் செயலியைத் திறந்து, தலை இருக்கும் இடத்தில் பிடித்து, சோதனை ஒலி ஐந்து ஸ்பீக்கரிலும் ஒரே அளவைக் காட்டும்வரை திருத்துங்கள். இங்கே ஒப்பீடுதான் தேவை என்பதால் கைப்பேசியே போதும்.

விளையாட்டின் ஒலி அமைப்பிலும் ‘ஹெட்ஃபோன்’ என்று இருந்தால் ‘ஸ்பீக்கர்’ அல்லது ‘சரவுண்ட்’ என மாற்றுங்கள். ஹெட்ஃபோனில் சரவுண்டைப் போலக் கேட்கச் செய்யும் விண்டோஸ் சோனிக் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அணையுங்கள். பாட்டுக்கு ‘ஸ்பீக்கர் ஃபில்’ போன்ற, ஸ்டீரியோவை எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பும் வசதிகளை நான் அணைத்தே வைக்கிறேன். பாடுபவர் பின்னாலிருந்தும் பாடுவது எனக்கு உவப்பில்லை.

பின்சேர்க்கை

இதைப் பின்பற்றியவர்கள் சிலர் எழுப்பிய கேள்விகளுக்கான விடைகள் இவை. பாஸ்த்ரூ இயங்கும்போது விண்டோஸின் ஒலிக் கட்டுப்பாடு வேலை செய்யாது. சுருக்கப்பட்ட ஒலியைக் கணினி தொடுவதில்லை என்பதால், ஸ்பீக்கரிலேயே கூட்டிக் குறைக்க வேண்டும். உலாவியில் பார்க்கும் காணொளிகள் பெரும்பாலும் ஸ்டீரியோதான் என்பதால், அவற்றை வைத்துச் செட்டைச் சோதிக்க வேண்டாம்.

ஏவி ரிசீவரைத் தனி எச்டிஎம்ஐயில் இணைத்தால் விண்டோஸ் அதையும் ஒரு திரையாக எண்ணிக்கொள்ளும். சுட்டி திரைக்கு வெளியே போய்க் காணாமல் போவது அதனால்தான். அந்தத் திரையை முழுவதும் துண்டித்தால் ஒலியும் போய்விடும். ஆகவே திரை அமைப்பில் அந்த இல்லாத திரையை இழுத்து, உண்மையான திரையின் ஒரு மூலையை மட்டும் தொடும்படி குறுக்காக வைத்துவிடுங்கள். சுட்டி தவறிப் போகும் வாய்ப்பு மிகவும் குறையும்.

அனலாக் இணைப்பில் ஓயாத ரீங்காரம் கேட்டால், முதலில் கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால், டால்பி டிஜிட்டல் லைவ் உள்ள கார்டோடு ஆப்டிகலுக்கு மாறுவதற்கு அது நல்ல காரணம். ஒளியிழையில் மின்தொடர்பு இல்லாததால் அந்த வழியாக ரீங்காரம் வராது.