வட்டம் போட்டால் உடம்பு வந்துவிடாது

பெட்டி, உருளை, உருண்டை. இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் ஆளையும் வரையலாம், ஆட்டையும் வரையலாம் என்று படம் வரையக் கற்றுத்தரும் எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். சொல்வது சரிதான், புதிதும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஜெனோவா நகர ஓவியர் லூகா காம்பியாசோ மனித உருவங்களைப் பெட்டி பெட்டியாகவே அடுக்கி வரைந்து பார்த்திருக்கிறார். பிரெஞ்சு ஓவியர் பால் செசான் 1904இல் சக ஓவியர் எமில் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில், இயற்கையை உருளை, கோளம், கூம்பு கொண்டு அணுகச் சொல்கிறார். ஆனால் வீடியோ பார்த்துப் பழகும் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால் தலைக்கு ஒரு வட்டம், வயிற்றுக்கு ஒரு நீட்டு வட்டம், சுற்றிலும் அழுத்தமாக ஒரு அவுட்லைன். அத்தனை வட்டம் போட்டும் ஆடு தட்டையாகத்தான் கிடக்கிறது.

காரணம் ஒன்றுதான். அவர்கள் வரைந்தது வட்டம், உருண்டை இல்லை. உருண்டை என்றால் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும். ஒரு கோழி முட்டையை எடுத்து நீளவாக்கில் ஒரு ரப்பர் பேண்டு, குறுக்கே ஒன்று மாட்டுங்கள். முட்டையை மெல்லத் திருப்பினால் நேராகத் தெரிந்த கோடுகள் வளைவதையும், கூர்முனை உங்களைப் பார்க்கும்போது குறுக்கு வளையம் ஏறக்குறைய முழு வட்டமாவதையும் காணலாம். ஆட்டின் விலாக்கூட்டை வரைந்ததும் போட வேண்டியது இந்த இரண்டு கோடுகளைத்தான். கண், காது, கொம்பு எல்லாம் காத்திருக்கட்டும்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தையும் லேசாக வரைந்துவிட வேண்டும். அந்தப் பக்கத்துக் கால்களைக் கடைசியில் இடம் பார்த்து ஒட்டவைப்பதால்தான் ஆடு நொண்டுகிறது. நாலு குளம்பும் தரையில் ஒரு நீள்சதுரத்தின் நாலு மூலைகள். நின்றபடி பார்த்தால் அந்தச் சதுரம் சரிந்து தெரியும். அதனால் அந்தப் பக்கத்துக் குளம்புகள் தாளில் சற்று மேலே வரும்.

தொடுவானத்தை வீணாக்காதீர்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் வரைகிறவர்களுக்கு உள்நாட்டுக்காரர்களுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. கண்மட்டம், அதாவது பார்க்கிறவரின் கண் இருக்கும் உயரம், எங்கே என்று உள்நாட்டுக்காரர்கள் கற்பனை செய்ய வேண்டும். உங்களுக்குக் கடலே கோடு போட்டுத் தந்துவிடுகிறது. தொடுவானம்தான் உங்கள் கண்மட்டம். நின்றால் அதுவும் உயரும், உட்கார்ந்தால் அதுவும் இறங்கும்.

தேவிபட்டினத்திலோ மண்டபத்திலோ மணலில் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் நிற்கிறவருக்குத் தொடுவானம் தொடையளவில் ஓடினால், தூரத்தில் நிற்கும் அதே உயரக்காரருக்கும் தொடையளவில்தான் ஓடும். எழுந்து நின்றால், உங்கள் உயரம் உள்ளவர்கள் அத்தனை பேரின் கண்ணும் அந்தக் கோட்டில் வந்து நிற்கும். மணல் சரிவாக இருந்தால் தண்ணீரோரம் நிற்கிறவர் கொஞ்சம் இறங்கித் தெரிவார், அவ்வளவுதான். இதைக் கவனிக்காமல் தூரத்து ஆளைச் சின்னதாக்கி இஷ்டத்துக்கு ஓரிடத்தில் வைத்தால் அவர் ஒன்று குழந்தையாகிவிடுவார், இல்லை அந்தரத்தில் மிதப்பார்.

பெட்டிக்கும் உருளைக்கும் இதே கணக்குதான். ஐஸ் பெட்டி தொடுவானத்துக்குக் கீழே இருப்பதால் மூடி தெரியும். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மராமத்துக்குக் கரையேற்றிய விசைப்படகின் மேல்தளம் கண்ணுக்கு மேலே போய்விடுவதால் தெரியாது. தெரியாததை வரைந்து காட்ட வேண்டாம். தண்ணீர்க் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டி எதிரே வந்தால் விடாதீர்கள். குடத்தின் வாயைவிட வயிற்றைச் சுற்றி ஓடும் வளையம் அதிகம் விரியும், அடிப்பாகம் அதைவிடவும் அதிகமாக வளையும். வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு அடியை நேர்கோடாக இழுத்து முடிப்பது எல்லோரும் செய்கிற தவறு. மனிதக் கையும் காலும் உருளைகள்தான் என்பதால் இந்தத் தவறு சட்டைக் கைமடிப்பு வரை தொடரும்.

முழங்கால் எது?

ஆட்டின் பின்னங்காலில் பின்பக்கமாக மடங்குவதை முழங்கால் என்று நினைத்து வரைகிறார்கள். அது குதிகால். உண்மையான முழங்கால் மேலே வயிற்றோரம் முன்பக்கம் பார்த்து இருக்கிறது. முன்னங்காலில் முழங்கால் மாதிரித் தெரிவது மணிக்கட்டு. ஆடு நடப்பது விரல் நுனியில். தனுஷ்கோடிப் பக்கம் தேங்கிய நீரில் நிற்கும் பூநாரைக்கும் அப்படியே. நீண்ட காலின் நடுவில் மடங்குவது கணுக்கால், முழங்கால் சிறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இது தெரிந்தால் எந்த உருளையை எங்கே முடிப்பது என்ற குழப்பமே வராது.

முன்னங்காலில் இன்னொரு சங்கதி. நமக்குக் கழுத்தடியிலிருந்து தோளுக்கு ஓடும் காறை எலும்பு ஆட்டுக்குக் கிடையாது. தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் பக்கவாட்டில் தசையால் மட்டுமே தொங்குகிறது. எனவே காலை முதுகுக்குக் கொஞ்சம் கீழே, தோள்பட்டையிலிருந்தே தொடங்க வேண்டும். வயிற்றுக்கு அடியில் தொடங்கினால் பெஞ்சுக்குக் கால் வைத்தது போலாகிவிடும்.

கடல்பசுவை வரைகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாக் விரிகுடாவில் 2022இல் அதற்கென்று பாதுகாப்பகம் அறிவித்தார்கள், வரைய ஆசைப்படுகிறவர்களும் உண்டு. உடம்பு இரண்டு முனையிலும் ஒடுங்கும் தடித்த உருளை, அதை எளிதில் பிடித்துவிடலாம். வாலில்தான் கோட்டை விடுகிறார்கள். மீனுக்கு வால் செங்குத்து. கடல்பசு பாலூட்டி, அதன் வால் படுக்கைவசம், மேலும் கீழும் அடிக்கும்.

மனிதர்கள் விறைத்து நிற்பது ஏன்?

நெஞ்சுக்கு ஒரு பெட்டி, இடுப்புக்கு ஒரு பெட்டி என்று சரியாகத்தான் தொடங்குவார்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கிவிடுவார்கள். உயிருள்ள உடம்பில் இவை இரண்டும் ஒரே சாய்வில் இருப்பது அபூர்வம். கரையில் நின்று கரைவலை இழுக்கிற ஒருவரைப் பாருங்கள். குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்திருப்பார். இடுப்புப் பெட்டி ஒரு சாய்வு, நெஞ்சுப் பெட்டி அதிலிருந்து முன்னால் குனிந்து வேறொரு சாய்வு. இடையில் வயிறு மடிந்து நெருங்கும், முதுகின் கீழ்ப்பகுதி இழுபடும். சாதாரணமாக நிற்கிறவரின் பாரம் பாதங்களுக்கு நடுவே இறங்கும், இவர் பாரம் பாதங்களுக்குப் பின்னால் இருக்கிறது. விழாமல் தாங்குவது அவர் இழுக்கும் வலைக்கயிறு. அதனால் விறைத்த கயிற்றை முதல் கோடாகப் போட்டுவிட்டுத்தான் ஆளுக்கு வர வேண்டும். தொய்ந்த கயிறு வரைந்தால் அந்த மனிதர் மல்லாந்து விழுந்துகொண்டிருப்பார்.

அளவெல்லாம் பிறகு வந்து சேரும். வளர்ந்தவர் ஏழு, ஏழரைத் தலை உயரம், சின்னக் குழந்தை ஐந்து தலைக்குப் பக்கம் என்று நினைவிருந்தால் போதும்.

ஷேடிங்குக்கு உச்சிவெயில் உதவாது. காலை ஏழு மணி வெயிலிலோ மாலை ஐந்து மணி வெயிலிலோ பெட்டியின் மூன்று பக்கமும் மூன்று அழுத்தத்தில் பிரிந்து தெரியும். வெள்ளை மணலில் நிற்கும் ஆட்டின் அடிவயிற்றைக் கறுப்பாக அடைத்துவிட வேண்டாம், மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அங்கே ஏறியிருக்கும்.

ஆடு அசையாமல் நிற்காதுதான், போனில் படம் எடுத்து வரைவதில் குற்றமில்லை. மூஞ்சிக்கு நேரே போனை நீட்டி எடுத்தால் மட்டும் மூக்கு ஊதி, உடம்பு சுருங்கிப் போகும். அதைப் பார்த்துப் போடும் பெட்டிகளும் அந்தக் கோணலையே வாங்கிக்கொள்ளும். பத்தடி தள்ளி நின்று, ஆட்டின் முதுகு உயரத்துக்குக் குந்தி, ஜூம் செய்து எடுங்கள்.