கனடாவுக்கு அழைத்த பெற்றோர் மனம் ஊன்றி வாழப் பிள்ளைகள் செய்ய வேண்டியவை

ஊரிலிருந்து தாய் தகப்பனை ரொறன்ரோவுக்கு அழைக்கும் பிள்ளைகள், அவர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே தனி அறை, கனத்த குளிரங்கி, தமிழ்த் தொலைக்காட்சி எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துவிடுகிறார்கள். ஆனால் முதல் பனிக்காலம் முடிவதற்குள் பெற்றோருக்குப் பேச்சும் பசியும் குறைந்து, ஊருக்குப் போக வேண்டும் என்ற கேட்பு தொடங்கும்போது, இங்கே என்ன குறை வைத்தோம் என்று திகைக்கிறார்கள். என் தாயாரும் வந்த நான்காம் மாதம் சமையலறை யன்னலோரம் நின்றபடி, "எனக்கு இஞ்சை ஒரு வேலையும் இல்லை பிள்ளை, விருந்தாளி மாதிரி எத்தினை நாளைக்கு இருக்கிறது?" என்று கேட்டார். தாமாக வெளியே போய், ஒரு காரியத்தை முடித்து, திரும்பி வரும் நிலை முதியவர்களிடமிருந்து பறிபோவதே பெரிய இழப்பு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதே இக்குறிப்பின் நோக்கம்.

முதலில் காலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். கனடாவில் பிறந்த மானிடவியலாளர் கலர்வோ ஓபர்க், 1960இல் வெளியான தமது கட்டுரையில், புதிய நாட்டுக்கு வருபவரின் மனநிலை சில கட்டங்களைக் கடப்பதாக எழுதினார்: தொடக்கத்தில் வியப்பும் மகிழ்ச்சியும்; பிறகு தடுமாற்றமும் எரிச்சலும்; அதன்பின் மெல்ல மீளுதலும் பழகுதலும். யாரை எப்படி வணங்குவது, கடையில் எப்படிக் கேட்டு வாங்குவது போன்ற, யோசிக்காமலே தெரிந்திருந்த சிறு வழக்கங்கள் ஒன்றாக அற்றுப்போவதே அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் என்பது அவர் கருத்து. ஒவ்வொருவரும் இதே வரிசையில் செல்வார்கள் என்பதில்லை. ஆயினும் முதல் இரண்டு மாத மகிழ்ச்சியைப் பார்த்து "அம்மா பழகிவிட்டார்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இயலுமானால் மே மாதத்தில் அழையுங்கள். தெருவும் கடையும் கோயிலும் பழகிய பிறகு பனி வருவது ஒன்று. பனிக்குள்ளேயே வந்து இறங்குவது வேறு. டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவின் பகற்பொழுது 9 மணி நேரத்துக்கும் குறைவு. மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவான பகலில் வாழ்ந்த யாழ்ப்பாணத்து உடம்புக்கு இது பெரிய மாற்றம். ஆகவே யன்னல் சீலைகளைக் காலையிலேயே விலக்கி வைத்து, வழுக்கல் இல்லாத நாட்களில் நண்பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரமாவது நடக்கச் செய்யுங்கள்.

அடுத்தது வீட்டுத் திறப்பு. வந்த கிழமையே அவர்களுக்கென ஒரு திறப்பைக் கொடுத்து, கதவைப் பூட்டித் திறக்கப் பழக்குங்கள். அதன்பின் பேருந்து. என் தாயாருடன் மார்க்கம் வீதிப் பேருந்தில் மூன்று முறை ஒன்றாகச் சென்றேன். நான்காம் முறை தள்ளிப் பின் இருக்கையில் அமர்ந்தேன். ஐந்தாம் முறை அவர் தனியாகப் போனார். பேருந்தில் தரிப்பிடப் பெயர்களை அறிவிப்பதால், இறங்க வேண்டிய தரிப்பிடத்தையும் அதற்கு முந்தியதையும் தமிழ் எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தேன். காதால் கேட்டு அட்டையோடு ஒப்பிட்டுக்கொள்ள அது போதுமாக இருந்தது. பிரெஸ்டோ என்ற பயணக் கட்டண அட்டையை ஒருமுறை தட்டினால் 2 மணி நேரத்துக்குள் மறு கட்டணமின்றி மீண்டும் ஏறலாம் என்பதால், தரிப்பிடம் தவறினாலும் பதற வேண்டியதில்லை என்பதையும் சொல்லி வையுங்கள். தனியாகப் போன அன்று தாயார் இரண்டு கட்டு முருங்கைக்கீரையோடு வந்து, குளிரங்கியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த மீதிச் சில்லறையை மேசையில் எண்ணி வைத்தார். அவ்வளவு நிமிர்ந்த முகத்தை அதற்கு முந்திய பல மாதங்களில் நான் கண்டதில்லை.

வீட்டில் அவர்களுக்கென ஒரு பொறுப்பு இருக்க வேண்டும். அதில் மற்றவர்கள் தலையிடக் கூடாது. எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் சாடி தாயாருடையது. இரவுக் குளிர் கூடுவதற்கு முன் அதை உள்ளே எடுப்பது, பனிக்காலத்தில் தண்ணீரைக் குறைப்பது, எந்தக் கிளையை எப்போது முறிப்பது எல்லாம் அவர் முடிவு. ஆனால் பொறுப்பு வேறு, சுமை வேறு. கேட்காமலே பேரப்பிள்ளைகளை நாள் முழுவதும் அவர்கள் கையில் விட்டுச் செல்வது பல வீடுகளில் நடக்கிறது; எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்பதை அவர்களே சொல்லட்டும்.

பணம் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். சுப்பர் விசாவில், அதாவது பெற்றோர் நீண்ட காலம் தங்கிச் செல்வதற்கான வருகை விசாவில் வந்தவர்களுக்கு இந்நாட்டின் முதியோர் ஓய்வூதியம் இல்லை. நிரந்தர வதிவிடம் பெற்றவர்களும் அதற்குப் பொதுவாக 10 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஊரில் காணியோ ஓய்வூதியமோ வைத்து ஊருக்கே கொடுத்தவர், இங்கே கோயில் உண்டியலுக்கு 5 டொலர் கேட்டு நிற்பது அவரை உள்ளுக்குள் நொறுக்கும். மாதத்தின் முதல் நாள் ஒரு தொகையைக் கையில் கொடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள்.

தமிழ்க் கடையும் கோயிலும் முதியோர் சங்கமும் இந்நாட்டோடு பழகத் தடை என்று சிலர் எண்ணுகிறார்கள். கனடிய உளவியலாளர் ஜோன் பெரி, தம் பண்பாட்டைப் பேணிக்கொண்டே புதிய சமூகத்திலும் கலப்பவர்களுக்கு மன அழுத்தம் பொதுவாகக் குறைவு என்று பல ஆண்டு ஆய்வுகளின் அடிப்படையில் கூறிவந்தார். எனவே கோயிலும் வேண்டும், நூலகமும் வேண்டும். ரொறன்ரோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் உள்ளன. நகரவாசிகளுக்கு உறுப்புரிமை இலவசம். நிரந்தர வதிவிடம் பெற்றவர்களாயின் மத்திய அரசின் இலவச ஆங்கில வகுப்பில் சேர்த்துவிடுங்கள். மொழி தாமதமாக வந்தாலும், கிழமை தோறும் பெயர் சொல்லி அழைக்கும் தோழர்கள் அங்கே கிடைப்பார்கள்.

மருத்துவரிடம் போகும்போது பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லாதீர்கள். பிள்ளையின் முன்னால் எந்த அப்பம்மாவும் தன் அழுகையைச் சொல்ல மாட்டார். நம்மவர் மனத்துயரை "நெஞ்சுக்குள்ளை அடைக்குது", "உடம்பெல்லாம் உளையுது" என்று உடம்பின் மொழியிலேயே சொல்வதுண்டு. இரண்டு கிழமைக்கு மேல் உறக்கமின்மையோ உணவில் வெறுப்போ நீடித்தால், உடல் நோயும் மனச்சோர்வும் இரண்டையும் பார்க்கும்படி மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள். சுப்பர் விசாவுக்கான காப்புறுதி மனநலச் சிகிச்சைக்கு எவ்வளவு கொடுக்கும் என்பதை வாங்கும்போதே வாசித்துக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால், அதை வயதின் புலம்பல் என்று தள்ளிவிடாமல், 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி இலக்கத்தை உடனே அழையுங்கள்; எந்த நேரமும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பதிலளிப்பார்கள், நீங்கள் அருகிலிருந்து பேசலாம்.

ஊருக்குப் போக வேண்டும் என்று அவர்கள் சொல்வதை நன்றிகேடாக எடுக்காதீர்கள். போவதற்கு ஒரு மாதத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு நாள் நின்று வருவது என்பதையும் அவர்களிடமே விடுங்கள். என் தாயார் தை மாதத்தைக் குறித்தார். மூன்று மாதம் நின்று, சித்திரையில் தாமாகவே திரும்பி வந்தார். வந்ததும் முதலில் கேட்டது கறிவேப்பிலைச் சாடிக்கு யார் தண்ணீர் விட்டார்கள் என்றுதான்.