பதியன் மேல் பழி போடாதீர்கள்

"அக்கா, நீ குடுத்த பதியன் மட்டமான ரகம் போல. இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு, மொட்டே காணோம்." போன வைகாசியில் திருமங்கலத்திலிருந்து தங்கை போன் செய்தாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் வாசலில் தினமும் கை நிறையப் பூக்கிற மல்லியும் அவளுடையதும் ஒரே தாய்ச்செடியின் கிளைகள்.

குண்டுமல்லியை இங்கே யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. மதுரைப் பக்கத் தோட்டங்களுக்கு நாற்று பெரும்பாலும் ராமேசுவரம் போகிற வழியில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்துதான் வருகிறது. பதியன், அதாவது கிளையை வேர்விட வைத்து எடுத்த கன்று, மரபணுவில் தாயின் அச்சு. இரண்டு வீட்டில் இரண்டு மாதிரி வளர்ந்தால் வெயில், தண்ணீர், மண் மூன்றில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. 2013-ல் புவிசார் குறியீடு 'மதுரை மல்லி' என்ற பெயருக்குத்தானே கிடைத்தது! கன்று கடலோரத்தில் பிறந்தாலும் பேர் வாங்கித் தந்தது இந்த மண்ணும் வெயிலும். இது தெரியாமல் ரகத்தைத் திட்டிவிட்டு, வேறு நாற்று வாங்கி அதே குழியில் வைப்பவர்களே அதிகம்.

நேரில் போய்ப் பார்த்தேன். மஞ்சள்தான், ஆனால் நரம்பு மட்டும் பச்சையாக வலைபோல் தெரிந்தது. அதுவும் நுனித் துளிரில். தழைச்சத்து குறைந்தால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். துளிர் இப்படி வெளுத்தால் இரும்புச்சத்தைச் சந்தேகிக்க வேண்டும். அவள் ஊற்றுவது போர்வெல் தண்ணீர். குடத்தின் உள்ளே வெள்ளையாகப் படியும். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. அவளோ தழைச்சத்து தருகிற யூரியாவை இரண்டு முறை போட்டிருந்தாள்! லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலை நனையத் தெளிக்கச் சொன்னேன், மாதம் ஒருமுறை.

இன்னொன்று, செடி நின்றது முருங்கை நிழலில். வெளிச்சத்தைத் தேடித் தண்டு நோஞ்சானாக நீண்டிருந்தது. அதைப் பார்த்து 'நல்லா வளருது' என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். நிழலில் நிற்கிற மல்லிக்கு எந்த உரமும் மொட்டு வைக்காது.

மார்கழி, தை மாதங்களில் பூ வரவில்லை என்று மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். குளிரில் அது ஒடுங்கும். மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அப்போது விலை எகிறுவதும் அதனால்தான்.

இனி எதிர்ப்பக்கம். ஒரே பாத்தி, ஒரே தண்ணீர், ஆனாலும் செடிக்குச் செடி காய் வேறுவேறாக வந்தால் விதையைக் கேள்வி கேளுங்கள். இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய வீரிய ஒட்டுத் தக்காளியிலிருந்து விதை எடுத்து அம்மா ஒருமுறை போட்டார்கள். ஒரு செடியில் உருண்டை, ஒன்றில் சப்பை, இன்னொன்றில் கோலிக்குண்டு. வீரிய ஒட்டு ரகத்தின் சீரான குணம் முதல் தலைமுறையோடு சரி. அடுத்ததில் பெற்றோரின் குணங்கள் பிரிந்து கலைந்துவிடும். இமாம்பசந்து மாங்கொட்டையை நட்டு அதே பழத்தை எதிர்பார்ப்பதும் இதே கதை. தாய்மரக் கிளையை ஒட்டி வளர்த்த ஒட்டுக்கன்று வாங்குங்கள்.

ரகமும் பருவமும் பின்னிக் கிடப்பதற்கு நெல்லைப் பாருங்கள். மாப்பிள்ளைச் சம்பா மாதிரியான பழைய நெல், பகல் குறுகினால்தான் கதிர் விடும். கோடையில் விதைத்தால் தாளாக வளர்ந்துகொண்டே இருக்கும். விதையிலும் குறையில்லை, வயலிலும் குறையில்லை. மாதம்தான் தப்பு.

தங்கை முருங்கைக் கிளையைக் கழித்து, இரண்டு முறை தெளித்ததும் ஆடியில் துளிர் பச்சையாக வந்தது. புதுத் துளிரில்தான் மல்லி பூக்கும் என்பதால் கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கவாத்து செய்யச் சொல்லியிருக்கிறேன். "பாவமா இருக்குக்கா, மனசு வரல" என்கிறாள். மாப்பிள்ளையிடம் கத்திரியைக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.